ஷோல்டர் சார்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மர பீரோ இருந்தது. ஹெட்மாஸ்டர் மாறினால் ஒரு முறை, கூரை ஒழுகினால் ஒரு முறை என்று அதை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆறு பேர் பிடித்தால்தான் அசையும். அந்த ஆறு பேரில் அவர் தவறாமல் இருப்பார். ஆனால் பீரோவுக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். நானே குனிந்து பார்த்திருக்கிறேன். "ஒன், டூ, த்ரீ" என்று சத்தம் கொடுப்பது அவர்தான். எங்களைவிட அதிகமாக மூச்சு வாங்குவதும் அவர்தான். இறக்கி வைத்ததும் கைக்குட்டையை எடுத்து வேர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, ஷோல்டர் டு ஷோல்டர்!" என்பார்.

அவர் இங்கிலீஷ் வாத்தியார். பெயரைச் சொல்லப்போவதில்லை. செத்துப்போனவரின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம் எல்லாம் எனக்குக் கிடையாது. பெயரை அச்சில் போட்டால் அவருக்கு அதுவும் ஒரு பெருமையாகிவிடும், அதனால்தான். பிள்ளைகள் வைத்த பெயர் ஷோல்டர் சார். அது போதும்.

நான் அதே பள்ளியில் தமிழ்ப் பண்டிதர். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே இருந்த போர்டு ஹைஸ்கூல் அது. தெலுங்குப் பிரிவு பெரியது, தமிழ்ப் பிரிவு சின்னது. அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே வெறும் மூங்கில் தட்டிதான். ஆகவே அவர் இங்கிலீஷை ஒன்பது வருஷம் நான் இலவசமாகக் கேட்டேன்.

வருஷத்தின் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். கரும்பலகையில் "ஷோல்டர் டு ஷோல்டர்" என்று சாய்வெழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவார். "நோட் திஸ். இதுக்கு மீனிங் ரெண்டு. முதல் மீனிங், நெருக்கமா பக்கத்துல பக்கத்துல நிக்கறது. அது சாதாரணம். ரெண்டாவது மீனிங், ஒரு பொதுக் காரியத்துக்காகப் பல பேர் ஒண்ணா இருந்து பாடுபடறது. அதுதான் முக்கியம்." பிறகு உபயோகம். சிப்பாய்களுக்குச் சொல்லலாம், தொழிலாளிகளுக்குச் சொல்லலாம், தேசத்துக்குத் தேசம் சொல்லலாம். திருடர்கள் கூட்டுச் சேர்வதற்குச் சொல்லக் கூடாது, அதற்கு வேறு இடியம், அதாவது வேறு மரபுத்தொடர், இருக்கிறது. ஒரு முறை ஒரு பையன் எழுந்து, "சார், எஜமானும் கூலிக்காரனும் நிக்கலாமா சார்?" என்று கேட்டான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இலக்கணப்படி தப்பில்ல. வழக்கத்துல இல்ல," என்றார்.

பாடம் முடிந்ததும் செய்முறை. பிள்ளைகளை வரிசையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கச் சொல்வார். நடுவில் எவனாவது நெளிந்தால் பிரம்பு. அவர் எதிரே நின்று பார்த்து, "பியூட்டிஃபுல்," என்பார். அந்த வரிசையில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது அது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு கணக்கு ஓடியது. திருத்தணி அந்தப் பக்கமாம், சத்தியவேடு இந்தப் பக்கமாம், நம்ம ஊர் இன்னும் முடிவாகலையாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த சங்கதி அதைவிடச் சின்னது, ஆனால் எங்களுக்கு அதுதான் பெரியது. தமிழ்ப் பிரிவு வேண்டும் என்று பெற்றோர்கள் உண்மையிலேயே கேட்கிறார்களா என்று ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். கேட்டால் பிரிவு இருக்கும். இல்லாவிட்டால் வருகிற ஜூன் மாதத்தோடு மூடிவிடுவார்கள். பத்து, பதினொன்று என்ற கடைசி இரண்டு வகுப்புப் பிள்ளைகள் மட்டும் தமிழிலேயே முடிக்கலாம், மற்றவர்கள் தெலுங்கு வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும்.

இதைக் கேட்டதும் என்னிடம் முதலில் ஓடி வந்தவர் முனிரத்தினம். ஒன்றரை ஏக்கரில் சாமந்தி போடுகிற குடியானவர். அவருடைய சின்ன மகள் கன்னியம்மா என்னிடம் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, எம் பெரிய பொண்ணு அரக்கோணத்துல வாக்கப்பட்டுக் கீது. அதுங்கிட்டேருந்து கடுதாசி வந்தா சின்னதுதான் படிச்சிக் காட்டுது. எனுக்குத் தெலுங்கு எழுத்துதான் வரும், தமிழு எழுத்து கண்ணுல ஆடுது. இப்ப இதையும் தெலுங்குல போய்க் குந்த வெச்சா இன்னாத்த படிக்கும்? ஒரு வருசம் பெயிலாச்சின்னா நிறுத்திடுவன் ஐயா. எங்கூட்டு ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க. பூப் பறிக்கத்தான் அனுப்பணும்."

கன்னியம்மா சுமாராகப் படிக்கிற பெண் இல்லை. வகுப்பிலேயே அவள்தான் முதல். அவளை நினைத்துப் பயந்தேன். என் வேலையை நினைத்தும் பயந்தேன், அதை மறைப்பானேன். ஆனால் எனக்கு இங்கிலீஷ் வராது. அதிகாரிக்கு மனு இங்கிலீஷில்தான் போக வேண்டும் என்று எல்லோரும் நம்பினோம். ஆகவே நானே முனிரத்தினத்தை அழைத்துக்கொண்டு ஷோல்டர் சார் வீட்டுக்குப் போனேன். இந்தக் கதையில் என் முதல் முட்டாள்தனம் அது.

அவர் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. இந்த இடியத்தை நிஜ வாழ்க்கையில் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டதே! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெற்றோர் கமிட்டி போட்டுவிட்டார். தலைவர் யார் என்று கேட்டதற்கு, "நான் கவர்மெண்ட் சம்பளம் வாங்கறவன். முன்னால நிக்க முடியாது. பின்னால இருந்து எல்லாம் நான்தான்," என்றார். முனிரத்தினம் தலைவரானார். ஏன் ஆனோம் என்று அவருக்கே தெரியாது.

கமிட்டிக்காரர்கள் கடைசி வரைக்கும் ஒற்றுமையாக இருக்க வேண்டுமே என்று ஒருவருக்கொருவர் சந்தேகம். அதற்கு எங்கள் பக்கத்தில் வழக்கம் ஒன்று உண்டு. காணிப்பாக்கம் போய்க் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்வது. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் தைரியம் வராது. அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன்கூட அந்தக் குளத்துப் படிக்கட்டில் உண்மையைக் கக்கிவிடுவான். ஒரு நாள் எல்லோரும் சித்தூர் போய் பஸ் மாறிக் காணிப்பாக்கம் போனோம். வழி நெடுக ஷோல்டர் சார்தான் பேச்சு. குளத்தங்கரை வந்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. செருப்பையெல்லாம் யாராவது ஒருத்தர் பாத்துக்கணும் இல்லியா?"

அந்தக் கூட்டத்தில் செருப்புப் போட்டிருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அவர். நாங்கள் முழுகி, நடுங்கிக்கொண்டே கற்பூரத்தின் முன்னால், பிரிவை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தபோது அவர் வெளியே நிழலில் உட்கார்ந்து ஒரு தொன்னைச் சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார். மூன்று ஜோடிச் செருப்பும் பத்திரமாக இருந்தன.

மனு எழுத அவருக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. மூன்று பக்கம். எனக்குப் புரியாவிட்டாலும் படித்துக் காட்டினார். அதில் அவருடைய இடியம் நான்கு இடத்தில் வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நானும் தலையாட்டினேன்.

கையெழுத்து வாங்கும் நாளன்று பள்ளி வராந்தாவில் மேஜை போட்டார்கள். நான் மசிப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தேன், பாதிப் பேர் கைநாட்டுத்தானே வைப்பார்கள் என்று. அவர் அதைப் பார்த்ததும் குதித்தார்.

"கைநாட்டா! இவ்ளோ கஷ்டப்பட்டு டிராஃப்ட் பண்ண பெட்டிஷனுக்கு அடியில கைநாட்டா? நோ, நோ. எல்லாரும் கையெழுத்துதான் போடணும். தெரிஞ்சவரைக்கும் போடட்டும்."

ஆகவே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குக் கிராமத்தில் கிடைத்தது தெலுங்கு வாத்தியார். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ், சாமி கும்பிடுவது தமிழ், சண்டை போடுவது தமிழ். ஆனால் பேனாவைப் பிடித்தால் கை தெலுங்கில்தான் போகும். கையெழுத்தைச் சந்தகம் என்றுதான் சொல்வார்கள், அந்த வார்த்தையே தெலுங்கு. பட்டா, கிஸ்தி ரசீது, சொசைட்டிக் கடன் என்று வாழ்நாள் முழுக்க அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கைநாட்டு வைக்க இருந்தவர்களைக்கூட, பழைய பாடத்தை ஞாபகப்படுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, உருண்டை உருண்டையாக எழுத வைத்தார் எங்கள் ஆள். எழுபத்துச் சொச்சம் தெலுங்குக் கையெழுத்து, எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்கிற மனுவுக்கு அடியில்.

யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. தமிழ்ப் பண்டிதர் நான் பக்கத்தில் நின்று ஒற்றுத்தாள் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் தனக்கு என்ன எழுத்து வரும் என்று என்னிடமே சொல்லியிருந்தார். கடைசியில் சாட்சிக்கு என்று நானும் ஒன்று போட்டேன், தமிழில்.

அதிகாரி முசாபரி பங்களாவில் வந்து தங்கினார். கடலோரப் பக்கத்துத் தெலுங்குக்காரர், அமைதியான மனிதர். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் வரிசையாகப் போய் நின்றார்கள். அவர் மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏமய்யா, மீக்கு தமிழம் காவாலா?"

உங்களுக்குத் தமிழ் வேண்டுமா என்று கேட்டார். பெரிய அதிகாரி. அவர்களிடம் தெலுங்கில் பேசுவதுதான் மரியாதை என்று எங்கள் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். எழுபது பேரும் ஒரே குரலில், "காவாலண்டி!" என்றார்கள்.

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கையெழுத்துப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். "ஈ சந்தகாலன்னீ தெலுகுலோனே உன்னாயி கதா?" இதெல்லாம் தெலுங்கில்தானே இருக்கிறது என்று.

"அவுனண்டி," என்றார்கள் மறுபடியும், ரொம்பப் பணிவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதிகாரியின் விரல் கடைசிக் கையெழுத்தில் வந்து நின்றது. இது யார் என்று கேட்டார். தமிழ்ப் பண்டிதர் என்று யாரோ சொன்னார்கள். "ஓ," என்று மட்டும் சொன்னார். தமிழ் வேண்டும் என்று கேட்கிற ஒரே ஆள் தமிழ்ச் சம்பளம் வாங்குகிறவன். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஷோல்டர் சார் எங்கே? வராந்தாவில் தூணுக்குப் பின்னால். அவர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவராம்! நான் என்ன கோயில் உண்டியலிலிருந்தா வாங்கிக்கொண்டிருந்தேன்? அதிகாரி மனுவை மூடிவிட்டு, "இங்கிலீஷ் யார் எழுதினது? நன்றாக இருக்கிறதே," என்று தெலுங்கில் கேட்டதும் தூணுக்குப் பின்னாலிருந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதிகாரி அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். வெளியே வந்தபோது புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

முனிரத்தினம் ஓடினார். "இன்னா சார் சொன்னாரு?"

"என் டிராஃப்டிங்கை ரொம்பப் பாராட்டினார்."

"நம்ம சங்கதி சார்?"

"கன்சிடர் பண்றேன்னார். கவலைப்படாதீங்க. எழுத்துக்கு ஒரு பவர் இருக்கு."

ஜூன் மாதம் உத்தரவு வந்தது. பிரிவு மூடப்பட்டது. கன்னியம்மா ஒன்பதாம் வகுப்புத் தெலுங்கில் மூன்று மாதம் உட்கார்ந்தாள். பூகோளமும் கணக்கும் தெலுங்கில். நான் தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பேன். முதல் பெஞ்சில் இருந்தவள் கடைசிப் பெஞ்சுக்குப் போயிருந்தாள். பரீட்சையில் எல்லாவற்றிலும் முட்டை. தசரா லீவுக்குப் பிறகு அவள் வரவில்லை. ஒரு நாள் நகரிப் பக்கம் பஸ்ஸில் போனபோது சாமந்திக் காட்டில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்து கும்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஷோல்டர் சாருக்குப் பிரமோஷன். திருப்பதியில் ஒரு பள்ளிக்கு ஹெட்மாஸ்டர். அவர் விண்ணப்பத்தோடு அந்த மனுவின் நகலையும் இணைத்திருந்தார் என்று குமாஸ்தா சொன்னார், இங்கிலீஷ் எழுதுகிற திறமைக்கு அத்தாட்சியாக.

பிரிவுபசாரக் கூட்டத்துக்குக் கமிட்டிக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். வந்தார்கள். அவர் மேல் அவர்களுக்குக் கோபமே இல்லை. நமக்காக மூன்று பக்கம் இங்கிலீஷ் எழுதின மனுஷன், நம்ம நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். முனிரத்தினம் தன் காட்டுச் சாமந்தியிலேயே முழங்கால் வரை தொங்குகிற மாலை ஒன்று கட்டிக்கொண்டு வந்து, முன் வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான்.

ஏற்புரையில் ஷோல்டர் சார் தன் இடியத்துக்கு வந்து சேர்ந்தார். வராமல் இருப்பாரா? அர்த்தம் சொன்னார். உபயோகம் சொன்னார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டார்.

"இன்னிக்குப் போறேன், ஒரு சங்கதி சொல்லிட்டுப் போறேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குப் பங்களாவுல ஆபீசர் என்னைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'மாஸ்டர், கையெழுத்தை வெச்சு நான் ஒண்ணும் முடிவு பண்ணல. வர்ற செவ்வாய்க்கிழமை இவங்கள்ல இருபது பேரைச் சித்தூருக்கு அழைச்சிக்கினு வாங்க. தமிழ் தெரிஞ்ச குமாஸ்தா ஒருத்தரை உக்கார வைக்கறேன். வீட்டுல என்ன பாஷைன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும். எழுதிக்கறேன், செக்‌ஷன் இருக்கும்'னார். நான் யோசிச்சேன். நம்ம ஜனங்களைப் பத்தித்தான் தெரியுமே! ஒருத்தர் பீடி பத்த வைப்பார், ஒருத்தர் வெத்தல துப்புவார். அந்த மூணு பக்கத்துல நான் உண்டாக்கி வெச்ச மரியாதை மொத்தமும் போயிடும். அதனால பேசாம இருந்துட்டேன். டிராஃப்டைப் பாத்தே ஒத்துக்குவார்னு நம்பினேன். அப்படியும் நடக்கல, சரி. ஆனா கடைசி வரைக்கும் உங்க மரியாதையை நான் விட்டுக்கொடுக்கல!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஷோல்டர் சார் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. தப்புச் செய்ததை ஒப்புக்கொள்கிறோம் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சாமர்த்தியம் ஒன்றைச் சொல்லிக் காட்டுகிற சந்தோஷம்தான் தெரிந்தது.

முனிரத்தினம் மாலையைப் பிடித்தபடியே எழுந்தார்.

"செவ்வாக்கெழமையா சார்?"

"ஆமாம்ப்பா."

"சொல்லியிருந்தீங்கன்னா நடந்தே போயிருப்பமே சார்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். வழி தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"அதான்ப்பா," என்று சிரித்தார் அவர். "அந்தக் கஷ்டமெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னுதான்."

மறுபடியும் சிரிப்பு. முனிரத்தினம் நின்றுகொண்டே இருந்தார். கூட்டத்தில் அவரைத் தவிர அதன் அர்த்தம் புரிந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஏப்ரலோடு தமிழ்ப் பிரிவின் கடைசி வகுப்பும் முடிகிறது, அதோடு என் வேலையும். லைப்ரரி வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ய வேண்டியவர் மேடையில் மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் முனிரத்தினத்தின் முழங்கையைத் தொட்டு, "மாலையைப் போடுங்க," என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மேடையேறினார். குட்டையான மனிதர். எட்டவில்லை. ஷோல்டர் சார் பெரிய மனது பண்ணிக் கழுத்தைத் தாழ்த்திக்கொடுத்தார். மாலை விழுந்ததும் ஹெட்மாஸ்டர் கை தட்டினார். வாத்தியார்கள் தட்டினார்கள். கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். மாலை போட்ட கையால் முனிரத்தினமும் தட்டினார். நானும் தட்டினேன். ஹெட்மாஸ்டர் என் பக்கம் பார்த்தபோது இன்னும் பலமாகத் தட்டினேன்.